"வந்து போகிறவர்கள்" என்று இனிச் சொல்லாதீர்கள்: கடலுணவு முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

சங்கத்தின் தலைவருக்கும் செயலாளருக்கும் உறுப்பினர்களான முதலாளிமார்களுக்கும்,

2026 பிப்ரவரி மாதக் கூட்டத்தில் நீங்கள் எடுத்த முடிவைப் பற்றி எழுதுகிறேன். நண்டு உடைக்கும் பெண்களை வருங்கால வைப்பு நிதியில் சேர்ப்பதில்லை என்று முடிவு செய்தீர்கள். யாராவது வந்து விசாரித்தால், "அவர்கள் எங்கள் ஆட்கள் இல்லை, வந்து போகிறவர்கள்" என்று எல்லாரும் ஒரே மாதிரி சொல்ல வேண்டும் என்றும் பேசிக்கொண்டீர்கள். அப்போது ஓரமாக உட்கார்ந்து கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தவள் நான். 11 ஆண்டுகள் உங்களில் ஒருவருடைய கம்பெனியில் கணக்கு எழுதினேன். மறுநாள் காலை பீரோ சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

எந்தக் கம்பெனி, எந்த முதலாளி என்று இங்கே சொல்லப்போவதில்லை. முடிவு எல்லாரும் சேர்ந்து எடுத்தது. அதனால் கேள்வியும் எல்லாரிடமும்தான்.

"வந்து போகிறவர்கள்" என்ற அந்தச் சொல் என்னைத் தூங்கவிடவில்லை. ராமநாதபுரம் மாவட்டக் கரையில் இருக்கிற வேதாளை, மரைக்காயர்பட்டினம், புதுமடம் பக்கத்துத் தெருக்களில் விடியற்காலை நாலரைக்கு வேன் வந்து நிற்கும். ஐந்து மணிக்கு மேசையில் இருக்க வேண்டும். முதல்நாள் வேகவைத்து ஐஸில் வைத்திருந்த நீலக்கால் நண்டைக் கூடை கூடையாகக் கொட்டுவார்கள். ஓட்டைப் பிரித்து, நெஞ்சைப் பிளந்து, துடுப்புக்காலின் அடியில் இருக்கிற பெரிய சதைக்கட்டியை உடையாமல் எடுக்க வேண்டும். அதுதான் ஜம்போ. அடுத்தது லம்ப், உதிர்ந்தது பிளேக், கொடுக்குச் சதை கிளா. ஜம்போ உடைந்தால் விலை இறங்கிவிடும், சூப்பர்வைசர் கத்துவார். அதை உடையாமல் எடுக்க ஒரு பெண்ணுக்குக் கை பழகவே ஒரு வருடம் ஆகும். அமெரிக்காவுக்கு டின்னில் போகிற சரக்கின் மதிப்பே அந்தக் கையில்தான் இருக்கிறது. நான் கணக்கு எழுதிய கம்பெனியில் அப்படி 47 பேர். அதில் பாதிப் பேர் என்னைவிட அதிக வருடம் அங்கே இருந்தவர்கள். ஊழியர் பதிவேட்டில் இருந்ததோ என்னையும் வாட்ச்மேனையும் டிரைவரையும் சேர்த்து 9 பேர்.

போன வருடம் ஒருநாள் பதினொரு மணி இருக்கும். ஆய்வுக்கு ஆள் வருகிறார்கள் என்று போன் வந்தது. பெண்கள் எல்லாரையும் எழுப்பி, பின்வாசல் வழியாகக் கடற்கரைக்கு அனுப்பினார்கள். கையுறையைக் கழற்றக்கூட நேரம் இல்லை. கம்பெனிக்குப் பின்னால் இருக்கிற பனங்கூட்டத்துக்கு அடியில், வெயிலில், 47 பேரும் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி ஆறு மாதக் கர்ப்பிணி. வந்தவர்கள் கூல்டிரிங்ஸ் குடித்துவிட்டு, நான் நீட்டிய பதிவேட்டில் 9 பேரைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுப் போனார்கள். மேசைமேல் பாதி பிளந்த நண்டு அப்படியே கிடந்தது. யார் பிளந்தது என்று அவர்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பிறகு அந்த மூன்று மணி நேரத்துக்குக் கூலி உண்டா என்று ஒரு அக்கா கேட்டார். கிலோ கணக்கு வேலைதானே, உடைக்காத நண்டுக்கு எப்படிக் கூலி என்று பதில் வந்தது.

அடுத்தது என் சின்னம்மாவின் விஷயம். 16 வருடம் அந்த மேசையில் வேலை பார்த்தவர். போன ஐப்பசியில் நண்டு முள் வலது ஆள்காட்டி விரலில் ஏறியது. இரண்டு நாள் மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு வேலைக்கு வந்தார். மூன்றாம் நாள் கை முழங்கைவரை வீங்கிவிட்டது. ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சீட்டு எழுதுகிற இடத்தில், "எங்கம்மா வேலை செய்யிறீங்க? எப்படிக் குத்துச்சு?" என்று கேட்டார்கள். சின்னம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வீட்டுலதான். குழம்புக்கு நண்டு கழுவயில குத்திருச்சு" என்றார். அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று கம்பெனியில் பழக்கியிருந்தார்கள். முதல் கணுவோடு விரலை எடுத்தார்கள். 12 நாள் வார்டில் இருந்தோம். திரும்பி வந்தபோது மேசையில் அவர் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். "விரல் இல்லாம ஜம்போ வராது தாயி, அவுகளக் கொற சொல்ல முடியாது" என்று சின்னம்மா என்னிடம் சொன்னார். அவர் குறை சொல்லமாட்டார். நான் சொல்கிறேன்.

வேலையில் காயம்பட்டு உறுப்பை இழந்தால் முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்பது 1923லேயே சட்டமான விஷயம். ஆனால் மருத்துவமனைச் சீட்டில் "வீட்டில்" என்று எழுதியாகிவிட்டது. கம்பெனி ஏட்டில் பெயரும் இல்லை. அந்த வைத்தியத்துக்கு யார் பணம் கொடுத்தார்கள்? மருந்து, ஆபரேஷன், 12 நாள் சோறு எல்லாம் மக்கள் வரிப்பணம். உங்கள் கம்பெனியில் போன விரலுக்கு ஊர் பணம் கட்டியது. அந்த ஊர்ப் பணத்தில் உங்கள் பங்கு சரியாக வந்து சேரவில்லை என்பது எனக்குத் தெரியும். ஏனென்றால் அந்தக் கணக்கையும் நான்தான் எழுதினேன்.

அதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஏற்றுமதிப் பணம் வங்கி வழியாக வருவதால் அதில் எதையும் மறைக்க முடியாது. மறைப்பதெல்லாம் கொள்முதலில். ஒருவருக்கு ஒரு நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், வருமான வரிக் கணக்கில் அதைச் செலவாக ஏற்கமாட்டார்கள். ஆனால் மீன் பிடித்தவரிடமே நேராக வாங்கினால் ரொக்கம் கொடுக்கலாம் என்று ஒரு விலக்கு இருக்கிறது. தரகரிடம், வியாபாரியிடம் வாங்கினால் அந்த விலக்கு கிடையாது. கடலுக்குப் போகிறவன் வங்கி வங்கியாக அலைய முடியாது என்று அவனுக்காகக் கொடுத்த சலுகை அது. அதை நாம் என்ன செய்தோம்? வராத நண்டுக்கு, வராத மீனவர் பெயரில், ரொக்கம் கொடுத்ததாக வவுச்சர் எழுதினோம்.

என் டிராயரில் மூன்று பேனா இருக்கும். இரண்டு நீலம், ஒரு கறுப்பு. ஒரே கையெழுத்து மாதிரித் தெரியக்கூடாது என்று ஒரு வவுச்சரை நேராகவும் அடுத்ததைச் சாய்த்தும் எழுதுவேன். கைநாட்டு வாட்ச்மேன் வைப்பார். எந்த விரலை எந்தப் பெயருக்கு வைப்பது என்று சின்னத் தாளில் குறித்து வைத்திருந்தோம். மார்ச் மாதம் வந்தால் இரவு ஒன்பது மணிவரை இதே வேலைதான். ஒருநாள் ஒரு பெயரை எழுதி முடித்த பிறகுதான் உறைத்தது, அவர் இறந்து நாலு மாதம் ஆகிவிட்டது. சாவு வீட்டுக்கு நானே போய் அவர் மனைவி கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த வவுச்சரை நான் கிழிக்கவில்லை. தேதியை மட்டும் அவர் இறப்பதற்கு முந்தைய நாளாக மாற்றிப்போட்டேன்.

இந்த வவுச்சர் பணத்தில் ஒரு பகுதி முதலாளி கைக்குப் போகும். இன்னொரு பகுதிதான் பெண்களுக்கு வாராவாரம் கொடுக்கிற கூலி. கூலியைக் கூலி என்று எழுதினால் 47 பெயர் வந்துவிடும். 20 பேர் ஆகிவிட்டாலே வைப்பு நிதி கட்ட வேண்டும். அதனால் கூலி, நண்டு விலையாக மாறியது. இந்தப் பெண்களைக் கணக்கிலிருந்து மறைக்கத்தான் அத்தனை பொய்ச் சீட்டும் தேவைப்பட்டது. வரியை ஏமாற்றுவது வேறு, ஆளை மறைப்பது வேறு என்று நீங்கள் நினைக்கலாம். ஏட்டில் இரண்டும் ஒரே வரியில்தான் இருந்தன. இறந்துபோன மீனவருக்கு அந்த ஏட்டில் இடம் இருந்தது, உள்ளே உட்கார்ந்து நண்டு உடைக்கிற 47 பெண்களுக்கு இல்லை.

இதில் என் கை உண்டு. பிள்ளை படிப்பு, வீட்டுக் கடன் என்று எனக்கும் காரணங்கள் இருந்தன. அவற்றைச் சொல்லித் தப்பிக்க விரும்பவில்லை. என்னிடம் விசாரணை வந்தால் நான் எழுதியதை நான் எழுதினேன் என்றே சொல்வேன்.

கூட்டத்தில் நீங்கள் பேசியவற்றுக்கு வருகிறேன். படகைப் பிடித்துக்கொண்டு போகிறான் இலங்கைக்காரன், அரசாங்கம் என்ன செய்துவிட்டது, அதற்கு எதற்கு வரி என்று ஒருவர் கேட்டார். அந்தக் கோபம் நியாயம். இந்தக் கரையில் யாருக்கு அது இல்லை? ஆனால் அரசின் மேல் இருக்கிற கோபத்தை என் சின்னம்மா கூலியில் ஏன் காட்டுகிறீர்கள்? அவருக்கும் அதே அரசுதான். கைப்பேசிக்கு 299 ரூபாய் ரீசார்ஜ் செய்தால் அதில் ஏறக்குறைய 45 ரூபாய் ஜிஎஸ்டி. அவரால் அதை மறைக்க முடியாது, வவுச்சர் எழுத அவருக்கு ஆளும் இல்லை.

வரியால் ஒன்றும் வரவில்லை என்பதும் உண்மை இல்லை. பாம்பன் சாலைப் பாலம் 1988இல் திறக்கும்வரை தீவிலிருந்து ஒரு லாரி சரக்குகூட இக்கரைக்கு ஓடி வந்ததில்லை, எல்லாம் ரயிலில்தான் என்று உங்களில் மூத்தவர்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன். மண்டபத்தில் பல பத்தாண்டுகளாகக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இறால் குஞ்சு பொரித்துக் கடலில் விடுகிறார்கள், அது வளர்ந்து உங்கள் எடைத்தட்டுக்குத்தான் வருகிறது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீதம் வரி போட்டபோது நிவாரணம் கேட்டு மனு எழுதினோம். அந்த மனுவைத் தட்டச்சு செய்ததும் நான்தான். "எங்களை நம்பி ஆயிரக்கணக்கான பெண் தொழிலாளர்கள் இருக்கிறார்கள்" என்று அதில் ஒரு வரி இருந்தது. மனுவில் தொழிலாளர்கள். ஆறு மாதம் கழித்துத் தீர்மானத்தில் வந்து போகிறவர்கள்.

பெண்களே பிடித்தம் வேண்டாம் என்கிறார்கள் என்று இன்னொருவர் சொன்னார். இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. நாள் கூலி 400 ரூபாயில் பிடித்தமாக 48 ரூபாய் போனால் அன்றைக்கு அரிசிக்கு இடிக்கும். பெயர் பதிந்தால் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் நின்றுவிடும் என்று பயப்படுகிறவர்களும் உண்டு. அதற்குக் குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு இரண்டரை லட்சம் என்பதை யாரும் உட்காரவைத்து அவர்களுக்குச் சொல்லவில்லை. பிடித்தம் வேண்டாம் என்று அவர்கள் சொன்னபோது, உன் 48 ரூபாய்க்கு நானும் 48 ரூபாய் போடுவேன் என்பதை அவர்களிடம் சொன்னீர்களா? பத்து வருடம் சேர்ந்தால் 58 வயதில் ஓய்வூதியம் உண்டு, வேலையில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்கு 7 லட்சம் வரை காப்பீடு உண்டு என்று சொன்னீர்களா? பாதியை மறைத்துவிட்டுக் கேட்டால் யாரும் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள்.

உங்களுக்கு ஆகிற செலவையும் கணக்குக்காரியாகவே சொல்கிறேன். ஒரு கிலோ சதைக்குக் கூலி 100 ரூபாய். அதில் உங்கள் பங்கு 12 ரூபாய், காப்பீடும் நிர்வாகக் கட்டணமும் சேர்த்தால் 13 ரூபாய். கிலோவுக்கு 13 ரூபாய்க்காகத்தான் பின்வாசலும் மூன்று பேனாவும். ஒரு பெண் நாளைக்கு 4 கிலோ, வருடத்துக்கு 200 நாள் என்று வைத்தால் 80,000 ரூபாய் கூலி. உங்களிடமிருந்து 9,600, அவரிடமிருந்து 9,600. உங்கள் பங்கில் பெரும்பகுதி அவர் ஓய்வூதியத்துக்குப் போகும், மீதி அவர் பங்கோடு சேர்ந்து வட்டியோடு அவர் கணக்கில் ஏறும். 16 வருடம் ஏறவில்லை.

2020 மார்ச் 25ஆம் தேதி ஊரடங்கு வந்தது நினைவிருக்கும். நூறு பேர்வரை வேலை செய்கிற இடத்தில், பத்தில் ஒன்பது பேர் 15,000 ரூபாய்க்குக் கீழ் வாங்கினால், தொழிலாளி பங்கு, முதலாளி பங்கு இரண்டையும் மத்திய அரசே அந்த ஆகஸ்ட் மாதம்வரை கட்டியது. நம் கம்பெனிகளுக்கு அப்படியே பொருந்துகிற திட்டம். பெயர் இல்லாததால் ஒருத்திக்கும் ஒரு ரூபாய் வரவில்லை. அந்த மாதங்களில் பெண்கள் வந்து அலுவலக வாசலில் நின்று, தாலி வைத்து ஐந்நூறு கேட்டதைப் பார்த்தவள் நான்.

உங்களில் எல்லாரும் ஒரே மாதிரி இல்லை என்பதும் எனக்குத் தெரியும். ஒருவர் மூன்று வருடம் எல்லாரையும் பதிவு செய்து ஒழுங்காகக் கட்டிப் பார்த்தார். பக்கத்துக் கம்பெனி, கட்டாமல் மிச்சம் பிடித்த காசை வைத்துப் படகுக்காரர்களுக்கு விலை கூட்டிக் கொடுத்து அவர் சரக்கை இழுத்துக்கொண்டது. அவர் நிறுத்திவிட்டார். கூட்டத்தில் அவர் ஒரு வார்த்தை பேசாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்தேன். ஒருவர் தனியாக நேர்மையாக இருந்தால் அவர் தொழில் போகிறது. எல்லாரும் சேர்ந்து இருந்தால் யாருக்கும் நட்டமில்லை. சங்கம் என்று ஒன்று வைத்திருப்பது இதற்காகத்தானே? நண்டு விலையை இரவோடு இரவாக எல்லாரும் பேசி ஒரே மாதிரி வைக்க உங்களால் முடிகிறது. இதையும் முடியும்.

நேரமும் இப்போது உங்கள் பக்கம் இருக்கிறது. 2017 ஜூலையிலிருந்து 2025 அக்டோபர்வரை விடுபட்டுப்போனவர்களை முதலாளிகளே முன்வந்து சேர்க்க வைப்பு நிதி அமைப்பு ஒரு வாய்ப்பு கொடுத்திருக்கிறது. 2025 நவம்பர் 1இல் தொடங்கியது, 2026 ஏப்ரல் 30இல் முடிகிறது. பிடிக்காமல் விட்ட தொழிலாளர் பங்கைக் கட்ட வேண்டாம். உங்கள் பங்கும் அதற்கான வட்டியும் கட்டினால், அபராதம் வெறும் 100 ரூபாய். இதை விளக்கிய சுற்றறிக்கையை நகலெடுத்துக் கூட்டத்தில் நாற்காலி நாற்காலியாக வைத்தேன். அதன்மேல் டீ கிளாஸை வைத்துவிட்டுத்தான் அந்தத் தீர்மானத்தைப் போட்டீர்கள். நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டங்கள் வந்துவிட்டன, வேலைக்கு வருகிற எல்லாருக்கும் நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. பனங்கூட்டம் எத்தனை நாளைக்கு மறைக்கும்?

நான் கேட்பது இவைதான்.

பிப்ரவரித் தீர்மானத்தைத் திரும்பப் பெறுங்கள். ஏப்ரல் 15இல் தடைக்காலம் தொடங்குகிறது, 61 நாள் பெரிய படகுகள் கரையில் கிடக்கும், வரத்து குறைந்ததும் பெண்களைப் பிடிப்பதும் கஷ்டம். அதற்கு முன்னால் ஒருநாள் உட்கார்ந்து, ஒவ்வொரு கம்பெனியிலும் நண்டு உடைக்கிறவர்கள், இறால் உரிக்கிறவர்கள், கணவாய் சுத்தம் செய்கிறவர்கள் எல்லாருடைய பெயரையும் எழுதி, ஏப்ரல் 30க்குள் வைப்பு நிதியில் சேருங்கள். ஆள் கணக்கு 20ஐத் தொடாமல் இருக்க ஒரே கூரைக்கு நடுவில் தட்டி கட்டி இரண்டு கம்பெனி என்று காட்டுகிறவர்கள் அந்தத் தட்டியை எடுத்துவிடுங்கள்.

கூலியை வங்கிக் கணக்கில் போடுங்கள். எத்தனை கிலோ, என்ன தரம், என்ன விலை, என்ன பிடித்தம் என்று சனிக்கிழமை ஒரு சீட்டு கொடுங்கள். பிடித்தம் தொடங்குகிற மாதத்தில் கிலோவுக்குக் கூலியையும் கூட்டுங்கள், கைக்கு வருவது 400க்குக் கீழே போகக்கூடாது.

வராத மீனவர் பெயரில் வவுச்சர் எழுதுவதை இந்த மார்ச் மாதத்தோடு நிறுத்துங்கள். பழைய கணக்கைத் திருத்தி, மறைத்த வருமானத்தைக் காட்டிக் கூடுதல் வரி கட்ட நான்கு ஆண்டுவரை அவகாசம் சட்டத்திலேயே இருக்கிறது. உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள். எந்தப் பக்கத்தில் என்ன எழுதினேன் என்று காட்ட ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன், சம்பளம் வேண்டாம்.

என் சின்னம்மாவுக்கு வேலையில்தான் காயம்பட்டது என்று அந்த முதலாளி எழுதிக் கொடுத்து, சட்டப்படி இழப்பீட்டைக் கொடுக்க வேண்டும். கூடவே அவரால் முடிகிற வேலையும். எடை எழுதுகிற வேலைக்கு ஆள்காட்டி விரல் வேண்டியதில்லை, இடது கையால் எழுதப் பழகிக்கொண்டிருக்கிறார்.

இனி யார் ஆய்வுக்கு வந்தாலும் பெண்கள் மேசையிலேயே இருக்கட்டும்.

47 பேருடைய பெயரும், வந்த வருடமும், ஊரும் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். இந்த முறை ஒரே பேனாவில் எழுதினேன். ஏப்ரல் 10ஆம் தேதிவரை உங்கள் பதிலுக்குக் காத்திருப்பேன். பதில் வரவில்லை என்றால் அந்தப் பெண்களின் சம்மதத்தோடு, அடுத்த வேலைநாள் காலை நோட்டை எடுத்துக்கொண்டு வைப்பு நிதி அலுவலகத்துக்குப் போவேன். இதுவரை 31 பேர் சம்மதம் சொல்லியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
11 ஆண்டுகள் உங்களிடம் கணக்கு எழுதியவள்
மண்டபம் பக்கத்துக் கரையூர்